ஒரே தாய்மரத்துக் கன்றுகள், வேறு வேறு காய்ப்பு: டிஎன்ஏ எழுத்தா, மெத்தில் குறியா?

ஜொகூர்க்காரன்

வணக்கம். செம்பனை (பாமாயில் மரம்) வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லுங்கள். பயிர் மரபியல் படித்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

அப்பா காலத்து ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை போட்ட சிறுதோட்டம் எங்களுடையது. ஒரு பக்கம் விதைக் கன்று, ஆற்றோரப் பக்கம் திசு வளர்ப்புக் கன்று. "எல்லாமே ஒரே தாய்மரம், எல்லாமே ஒரே மாதிரி காய்க்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். விலையும் அதற்கேற்ற விலைதான்.

இப்போது காய்ப்புக்கு வந்திருக்கிறது. பெரும்பாலான மரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களில் பழத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பழம் வழுவழுப்பாக இல்லாமல், அதைச் சுற்றிக் கூடுதலாகச் சதை மடல்கள் எழுந்து நிற்கின்றன. கத்தியால் பிளந்து பார்த்தேன். சிலவற்றில் பருப்பே இல்லை. சில குலைகள் பழுப்பதற்கு முன்பே அழுகிப் போகின்றன. வந்த கொஞ்சத்தையும் மில்லில் கிரேடர் தள்ளிவிடுகிறார். பக்கத்து மரம், அதே தாய், அதே உரம், அருமையாகக் காய்க்கிறது.

விற்ற இடத்தில் கேட்டால் "உங்கள் மண் சரியில்லை" என்கிறார்கள். என் மைத்துனரோ "மரபணு மாற்றப் பயிரை நட்டால் இப்படித்தான்" என்கிறார். ஒரே மரபணு என்றால் இப்படி எப்படி ஆகும்?

விதைநேர்த்தி

முதலில் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுவோம் அண்ணே. திசு வளர்ப்பு வேறு, மரபணு மாற்றம் வேறு. பாமாயில் மரத்துக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. வாழை மாதிரிப் பக்கக்கன்று விடாது, கிளை ஒடித்து நடவும் முடியாது. நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதை அப்படியே பெருக்க ஆய்வகம்தான் வழி. உச்சிக்குருத்துக்குள் இன்னும் விரியாமல் இருக்கும் வெளிர் இலையை எடுத்து, ஹார்மோன் கலந்த ஊடகத்தில் உருவமில்லாத திசுக் கட்டியாக வளர்த்து, அதிலிருந்து கருக்களை வரவழைத்துக் கன்றாக்குவார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவும் உள்ளே போவதில்லை.

மண் காரணம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. மண்ணில் குறை என்றால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு மரம் விட்டு ஒரு மரம் தாவாது. படம் போட முடியுமா?

ஜொகூர்க்காரன்

போட்டிருக்கிறேன். இடது பக்கம் நல்ல மரத்துப் பழம், வலது பக்கம் கோளாறு மரத்துப் பழம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசைதான்.

ஆய்வகப்பூனை

வலது பக்கப் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். இது 'மேன்டில்டு' கோளாறு. போர்வை போர்த்தியது போலச் சதை மூடுவதால் அந்தப் பெயர். திசு வளர்ப்புச் செம்பனை தோட்டங்களுக்கு வர ஆரம்பித்த பிறகு, 1980களில் இது வெளிச்சத்துக்கு வந்தது. பெரிய தோட்டங்களே பயந்துபோய் நகல் கன்று நடுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. சிக்கல் என்னவென்றால் நாற்றில் எதுவும் தெரியாது. வயலில் நட்டு மூன்று வருடம் உரம் போட்டுப் பழம் பார்த்த பிறகுதான் தெரியும்.

முப்பது வருடம் போல இதற்குக் காரணம் தேடினார்கள். நல்ல மரம், கோளாறு மரம் இரண்டின் டிஎன்ஏவிலும் எழுத்து வித்தியாசம் எதுவும் சிக்கவில்லை. 2015இல் மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். எழுத்தில் மாற்றமில்லை, எழுத்தின் மேல் ஒட்டியிருந்த மெத்தில் குறி உதிர்ந்துவிட்டது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது அழகான கதை.

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதன்மேல் ஒரு சின்ன மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினாலும் எழுத்து அதே எழுத்துதான், ஆனால் அந்த இடத்தைச் செல் படிப்பது பெரும்பாலும் தடைபடும். வீட்டு சுவிட்ச் பலகையில் ஒரு சுவிட்ச் மேல் டேப் ஒட்டி வைப்போமே, அது போல. ஒயரிங்கில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் அந்த விளக்கு எரியாது.

செடிகள் இந்த டேப்பை எதற்கு அதிகம் பயன்படுத்துகின்றன என்றால், தாவும் மரபணுக்களை அடக்கி வைக்க. மரபணுத் தொகுப்பில் இங்கிருந்து அங்கே நகலெடுத்துக் குதிக்கும் துண்டுகள் ஏராளம். அவற்றை அப்படியே விட்டால் ஆட்டம் போடும். அதனால் கனமாக மெத்தில் ஒட்டித் தூங்க வைத்திருக்கும்.

செம்பனையில் டெஃபிசியன்ஸ் என்றொரு மரபணு. பூவில் எது மகரந்தத் தாள், எது சூலறை என்று முடிவு செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. அந்த மரபணுவின் நடுவே, புரதத்துக்குப் பயன்படாத இடைப்பகுதியில், ஒரு தாவும் துண்டு படுத்திருக்கிறது. அதன் பெயர் கர்மா. நிஜமாகவே கர்மாதான். நெல்லில் இதன் உறவுத் துண்டைக் கண்டுபிடித்தபோது வைத்த பெயர். நெல்லிலும் திசு வளர்ப்பில்தான் அது விழித்துக்கொண்டது.

கர்மாவின் மேல் மெத்தில் கனமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. செல் அந்த மரபணுவைப் படிக்கும்போது இடைப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, தேவையான துண்டுகளை மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் கட்டியாக வளரும் காலத்தில் சில செல்களில் கர்மாவின் ஒரு குறிப்பிட்ட முனையில் மெத்தில் உதிர்ந்துவிடுகிறது. அப்போது வெட்டி ஒட்டும் இயந்திரம் ஏமாந்துபோய்க் கர்மாவின் உள்ளேயே ஒட்டிவிடுகிறது. செய்தி பாதியில் முடிகிறது, மரபணு வேலை கெடுகிறது. பெண் பூவில் வளராமல் நிற்கவேண்டிய மகரந்தத் தாள் மொட்டுகள் சூலறை போலச் சதை பிடிக்கின்றன. உங்கள் படத்தில் பழத்தைச் சுற்றி இருப்பவை அவைதான் அண்ணே.

மெத்தில் உள்ளதை 'நல்ல கர்மா', உதிர்ந்ததைக் 'கெட்ட கர்மா' என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு.

சந்தேகராசா

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து மாறாமல் குறி மட்டும் மாறும் இந்த 'எபிஜெனடிக்ஸ்' என்ற பெயரில் இப்போது எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள். தண்ணீரில் ஏதோ கலந்து தெளித்தால் விதையின் மரபணுவே விழித்துக்கொள்ளும் என்று ஒரு பாட்டிலை என்னிடமே நீட்டினார்கள். அதனால் கேட்கிறேன். மெத்தில் உதிர்ந்தது காரணமா, விளைவா? கோளாறான பூவில் மெத்தில் குறைந்திருந்தால், பூ கோளாறானதால் மெத்தில் குறைந்தது என்றும் சொல்லலாமே.

ஆய்வகப்பூனை

சார், கேட்கவேண்டிய கேள்வி இதுதான். பாட்டில்காரரிடம் கேட்டால் பதில் வராது.

செம்பனையில் நமக்குச் சாதகமான விஷயங்கள் சில உண்டு. முதலாவது, ஒப்பிடுவது நகல்களை. நல்ல மரமும் கோளாறு மரமும் ஒரே தாயின் திசு. எழுத்து வித்தியாசம் குறுக்கே வராது. ஒரே ஒரு நகல் குடும்பத்தோடு நிற்காமல், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த நகல்களையும் பார்த்தார்கள். மரபணுத் தொகுப்பு முழுக்கத் தேடியும், கோளாறோடு விடாமல் சேர்ந்து வந்த இடம் கர்மா.

இரண்டாவது, பூவில் மட்டுமல்ல, இலையிலேயே கர்மாவின் மெத்தில் குறைவு தெரிகிறது. பூவே வராத நாற்றின் இலையில் தெரிவதைப் பூவின் விளைவு என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோளாறு மரங்களில் சில, வருடங்கள் கழித்துத் தாமாகவே நல்ல பழம் தர ஆரம்பிக்கும். அப்படித் திரும்பியவற்றில் கர்மாவின் மேல் மெத்தில் திரும்ப வந்திருந்தது. எழுத்துப் பிழை இப்படிக் கூட்டமாகத் தானே திருந்தாது.

ஜொகூர்க்காரன்

அட, எங்கள் பழைய கங்காணி இதையேதான் சொன்னார். "சில மரம் தானாத் தெளிஞ்சிடும், அவசரப்பட்டு வெட்டாதே" என்று. அவருக்கு வயசாகிவிட்டது, ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்படியானால் எல்லாக் குணமும் இந்தக் குறியால்தானா? என் விதைக் கன்றுப் பக்கத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சில மரத்தில் ஓடு மெல்லிசு, சில மரத்தில் ஓடு கனமாகச் சுத்தியல் போட்டால்தான் உடைகிறது. அதுவும் மெத்திலா?

விதைநேர்த்தி

அது சுத்தமான எழுத்துக் கதை அண்ணே.

கனமான ஓடு உள்ளது டியூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா, அது பெரும்பாலும் பெண் மலடு, குலை அழுகிவிடும். இரண்டையும் சேர்த்தால் வருவது டெனெரா, ஓடு மெலிந்து சதை அதிகம், டியூராவை விடச் சுமார் 30 சதவீதம் எண்ணெய் கூடுதல். இதை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று 1941இலேயே பெல்ஜியன் காங்கோவில் பெர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் காட்டினார்கள். அந்த மரபணு எதுவென்று பிடித்தது 2013இல், அதே மலேசிய வாரியக் குழு. 'ஷெல்' என்று பெயர். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கும் இடம் கெட்டு, ஓடு உருவாவது நின்றுவிடுகிறது.

உங்கள் தோட்டத்தில் கனமான ஓட்டு மரம் இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. விதை உற்பத்தியின்போது டியூரா பூவில் பிசிஃபெரா மகரந்தத்துக்குப் பதில் பக்கத்து டியூராவின் மகரந்தம் விழுந்திருக்கும். இல்லையென்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், யாராவது டெனெரா மரத்தடியில் விழுந்த கொட்டையை முளைக்கவைத்து விற்றிருப்பார்கள். டெனெராவுக்கு டெனெரா சேர்ந்தால் நாலில் ஒன்று டியூரா, நாலில் ஒன்று பிசிஃபெரா. பாதி மரம் வீண்.

இந்தப் பக்கம் 2021இல் ஒன்றிய அரசு பாமாயில் திட்டம் அறிவித்த பிறகு இங்கேயும் நிறையப் பேர் நடுகிறார்கள். கன்று வாங்கும்போது டெனெராவா என்ற சான்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆய்வகப்பூனை

ஜொகூர் அண்ணன் தோட்டத்தையே பாடமாக எடுக்கலாம் போலிருக்கிறது. ஆற்றோரம் மெத்தில், மறுபக்கம் எழுத்து.

ஓட்டு விஷயத்தில் மகரந்தக் கணக்கு தெரிந்தால் அடுத்த தலைமுறையை எழுதி வைத்துவிடலாம், நாலில் ஒன்று என்றால் நாலில் ஒன்றுதான். மேன்டில்டு கோளாறு அந்தக் கணக்குக்கு அடங்காது. அந்த மரத்தின் விதையில் அது வந்தாலும் வரும், வராமலும் போகும்.

காவிரிக்கரை

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெல்லுக்கு வருவோமா? எங்கள் பக்கம் பெரியவர்கள் "காய்ச்சலில் விளைந்த விதை காய்ச்சலைத் தாங்கும்" என்பார்கள். வறட்சி பார்த்த வயலின் நெல்லை விதைக்கு எடுத்தால், அந்தப் பழக்கம் விதையில் ஏறுமா? இந்த மெத்தில் குறி வழியாக ஏறலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

சந்தேகராசா

பாட்டில்காரர் கூட்டமா?

காவிரிக்கரை

இல்லை சார், சாப்பாடு போட்ட கூட்டம். 😀

ஆய்வகப்பூனை

பெரியவர்கள் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாலூட்டிகளில் தந்தை, தாயிடமிருந்து வரும் மெத்தில் குறிகளில் பெரும்பகுதி கருவிலேயே அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். செடியில் அந்த முழு அழிப்பு இல்லை. தவிர, செடியின் பூ என்பது கடைசியில் அதே தண்டு நுனியிலிருந்து வருவது. தண்டு பட்ட பாடு பூ வரை போக வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வாய்ப்புதான். வெயிலிலும் உப்பிலும் மாறுகிற குறிகளில் பெரும்பாலானவை கஷ்டம் தீர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. 2025இல் 'செல்' இதழில் சீனக் குழு ஒன்று நெல்லில் குளிரைத் தாங்கும் குணம் பற்றி எழுதியது. தலைமுறை தலைமுறையாகக் குளிரில் வளர்த்து, அதில் தாங்கியவற்றின் விதையையே எடுத்துக்கொண்டு போனார்கள். தாங்கும் குணம் வந்த நெல்லில், ஒரு மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் குறைந்திருந்தது. குளிர் நின்ற பிறகும் அந்தக் குணம் பல தலைமுறைகளுக்குப் போனது. முக்கியமாக, எழுத்தைத் தொடாமல் அந்த இடத்து மெத்திலை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், குளிர் தாங்கும் தன்மையும் கூடவே மாறியது. சந்தேகராசா சார் கேட்ட காரணமா விளைவா என்ற கேள்விக்கு இப்படித்தான் பதில் சொல்லவேண்டும்.

கவனியுங்கள், அங்கே பொறுக்கி எடுத்ததும் சேர்ந்துதான் நடந்தது. வயலில் வறண்டதை எல்லாம் மொத்தமாக அள்ளி விதைத்தால் அது வராது.

விதைநேர்த்தி

நெல்லில் பெரிய மாற்றம் கொண்டுவந்தவற்றில் முக்கால்வாசி எழுத்துதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த இழையைப் படிப்பவர்கள் நாளைக்கு மரபியலே வேண்டாம் என்பார்கள். 1966இல் வந்த ஐஆர்8 குட்டையாக நின்றது, செடியை உயரமாக வளர்க்கும் ஜிப்ரெலின் ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணுவில் 383 எழுத்துகள் விடுபட்டுப்போனதால். தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற ரகத்திலிருந்து வந்த குறை அது. நமக்கு வரமாகிவிட்டது.

வெள்ளம் தாங்குவதும் அப்படியே. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல்லில் சப்1ஏ என்றொரு மரபணு இருக்கிறது. தண்ணீரில் மூழ்கினால் செடி அவசரமாக உயரப் பார்க்காமல், சக்தியைச் சேமித்துக்கொண்டு இரண்டு வாரம் போல அடங்கிக் கிடக்கும். வடிந்ததும் துளிர்க்கும். பல ரகங்களில் அந்த மரபணுவே கிடையாது. இல்லாததை எந்தக் குறியாலும் எழுப்ப முடியாது. டெல்டாவில் சிஆர்1009 சப்1 நட்டிருப்பவர்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

காவிரிக்கரை

சிஆர்1009 சப்1 நான் போட்டிருக்கிறேன். நிவர் புயலில் வயல் மூழ்கியபோது பார்த்தேன், பக்கத்து வயல் அழுகியது, இது மஞ்சளாகக் கிடந்து பிறகு பச்சை கட்டியது.

சமையல்கட்டு

நான் விவசாயி இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி போவதற்கும் இந்த மெத்திலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கோ படித்தேன். உண்மையா? வீட்டில் இதுதான் சண்டை. மாமியார் வெளியே வைக்கச் சொல்கிறார்.

ஆய்வகப்பூனை

மாமியார் பக்கம் ஆதாரம் இருக்கிறது அக்கா.

2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்தது. பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் போல வைத்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. வாசனை தரும் ஆவிப் பொருள்கள் சரிந்தன. அந்த வாசனையை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன, சிலவற்றின் முன்பகுதியில் மெத்தில் ஏறியிருந்தது. வெளியே எடுத்து வைத்த பிறகும் வாசனை முழுதாகத் திரும்பவில்லை.

தக்காளி பழுப்பதற்கே மெத்தில் இறங்கவேண்டும். அதைக் கழற்றும் நொதி ஒன்று உண்டு, அதை முடக்கினால் காய் பச்சையாகவே பிடிவாதம் பிடிக்கும். காயாக இருக்கும்போதே மெத்திலைத் தடுக்கும் மருந்தை ஊசியில் செலுத்தியபோது, விதை முற்றுவதற்கு முன்பே அந்த இடம் பழுத்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகராசா

நிறமற்ற, பழுக்காத தக்காளி என்று ஒரு பிரபலமான உதாரணம் உண்டே, அதை ஏன் சொல்லவில்லை? சிஎன்ஆர் என்பார்கள். மெத்தில் மட்டும் மாறி இயற்கையாக வந்த குணம் என்று 2006இல் வந்தது. பாடப்புத்தகம்வரை போய்விட்டது. பிறகு டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கத்தரி வைத்து அந்த மரபணுவையே உடைத்துப் பார்த்தபோது, பழம் கொஞ்சம் தாமதமாகப் பழுத்ததே தவிர அந்த மாதிரி நின்றுவிடவில்லையே.

ஆய்வகப்பூனை

அதனால்தான் சார் சொல்லவில்லை. 2019இல் வந்த அந்த வேலைக்குப் பிறகு சிஎன்ஆர் கதையை முன்பு போல நேர்க்கோட்டில் சொல்ல முடிவதில்லை. மெத்தில் ஏறியிருக்கிறது என்பது உண்மை. பழுக்காததற்கு அந்த ஒரு மரபணுவின் மௌனம் மட்டும் போதும் என்பதுதான் ஆடிப்போனது. இதே அளவுகோலில் பார்த்தால் கர்மா எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் இதுவரை எழுத்து ஒரு பக்கம், மெத்தில் ஒரு பக்கம் என்று பேசினோம். நிஜத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கும். முலாம்பழத்தில் பெண் பூ மட்டுமே பூக்கும் செடிகள் உண்டு, கலப்பு விதை உற்பத்திக்கு வசதி. அங்கே ஒரு தாவும் துண்டு மரபணுவின் பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறது, அதாவது எழுத்து மாற்றம். அந்தத் துண்டை அடக்கச் செடி ஒட்டிய மெத்தில் பக்கத்து மரபணுவுக்கும் பரவி, ஆண் பகுதிக்கு வழிவிடும் மரபணுவை மூடிவிட்டது. இது எழுத்தா, மெத்திலா? இரண்டும்தான். இரு ரகங்களை ஒப்பிட்டு "மெத்தில் வித்தியாசம் கண்டோம்" என்று வரும் பலவற்றுக்கு அடியில் இப்படி ஓர் எழுத்து வித்தியாசம் படுத்திருக்கும்.

செம்பனையிலும் கர்மா அந்த இடத்தில் குடியேறியது என்றோ நடந்த எழுத்து மாற்றம்தானே. அது அங்கே இல்லையென்றால் மெத்தில் உதிர்ந்தும் ஒன்றும் ஆகியிருக்காது.

விதைநேர்த்தி

வேகத்தையும் சொல்லிவிடு பூனை. வளர்ப்பாளர்களுக்கு அதுதான் தலைவலி.

ஆய்வகப்பூனை

அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் அளந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து தவறுவதற்கான வாய்ப்பு நூறு கோடியில் சுமார் ஏழு. ஒரு மெத்தில் குறி தானாக வருவதும் போவதும் பத்தாயிரத்தில் இரண்டு முதல் ஆறு வரை. குறி அவ்வளவு வேகமாக மாறும் என்றால், ஒரு ரகத்தை மெத்திலை மட்டும் நம்பி வெளியிட்டு, பத்து வருடம் கழித்தும் அதே ரகம் என்று உத்தரவாதம் தருவது கஷ்டம். எழுத்து கிடைக்கிற இடத்தில் எழுத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. மெத்தில் எங்கே உடனடியாகக் கைகொடுக்கும் என்றால், செம்பனை மாதிரிக் கழித்துக்கட்டும் சோதனையில்.

ஜொகூர்க்காரன்

அந்தச் சோதனைக்குத்தான் வருகிறேன். இனிமேல் வாங்கும் கன்றுக்கு என்ன கேட்பது? இப்போது நிற்கும் மரங்களை என்ன செய்வது?

ஆய்வகப்பூனை

கன்றுக்கு: நாற்றங்காலிலேயே இலையில் ஒரு பொட்டு அளவு வெட்டி எடுத்து, கர்மாவின் அந்த முனையில் மெத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மெத்தில் உள்ள இடத்தை வெட்டாத நொதிகள் உண்டு, சோதனையின் அடிப்படை அதுதான். விற்பவரிடம் "தாய்மரம் எது, எத்தனை சுற்றுப் பெருக்கினீர்கள், மேன்டில்டு சோதனை ஒவ்வொரு கன்றுக்கும் செய்தீர்களா, மாதிரிக்குச் சிலவற்றுக்கு மட்டுமா" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரே குப்பியில் வளர்ந்த கன்றுகளுக்குள்ளேயே ஒன்று நல்ல கர்மா, ஒன்று கெட்ட கர்மாவாக இருக்கலாம்.

விதைநேர்த்தி

நிற்கும் மரங்களுக்கு: ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் எண் போடுங்கள். குலைக்குக் குலை எத்தனை பழம் கோளாறு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். லேசான கோளாறு, வருடா வருடம் குறைகிறது என்றால் கங்காணி சொன்னபடி விட்டு வையுங்கள். குலை முழுக்க அழுகும் மரத்துக்கு உரம் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுக் கன்று வையுங்கள். இருபத்தைந்து வருடம் நிற்கப்போகும் மரம், அதன் இடத்தை வீணாக்கவேண்டாம்.

விற்றவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மண் என்று சொன்னால், ஒரே வரிசையில் நல்ல மரமும் கோளாறு மரமும் மாறி மாறி நிற்கும் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஜொகூர்க்காரன்

சனிக்கிழமை பெயின்ட் வாங்குகிறேன். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போய் எண் போடச் சொல்லப்போகிறேன்.

மட்டுறுத்துநர்

விதை விற்பனைக்காரர்கள் பெயரைக் கேட்டுத் தனிமடல்கள் வருகின்றன. இங்கே பெயர் போடவேண்டாம். காவிரிக்கரை எழுப்பிய வறட்சி விதைக் கேள்வி நீளும்போலிருக்கிறது, அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன். ஜொகூர்க்காரன் மரக்கணக்கு எடுத்ததும் இங்கேயே போடலாம், இழை திறந்தே இருக்கும்.